முன்பணம் கைமாறும் மாதங்கள்

மனிதக் கடத்தல் பற்றிக் குழந்தைகளுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்று பள்ளிகளுக்கு அவ்வப்போது சுற்றறிக்கை வரும். முகம் தெரியாதவர் கொடுக்கும் மிட்டாயை வாங்காதே, அறியாதவரின் வண்டியில் ஏறாதே என்று நாங்களும் வகுப்பெடுப்போம். அந்த அறிவுரைகளில் பிழையில்லை. ஆனால் விழுப்புரம் மாவட்டத்தின் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான், பொங்கலுக்குப் பிறகு வருகைப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொருவராக உதிரும் என் மாணவர்களைப் பார்க்கும்போது, அவர்களில் எவரும் முகம் தெரியாதவரோடு போகவில்லை என்பதை ஒவ்வோர் ஆண்டும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் அப்பா அம்மாவோடு, தம்பி தங்கையோடு, சட்டி பானை, கோழிக் கூடை சகிதமாக மினி லாரியில் ஏறி, சாலையோரம் நிற்கும் எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போகிறார்கள். அழைத்துச் செல்கிற மேஸ்திரி பெரும்பாலும் அவர்களுடைய உறவினர். இல்லையென்றால் பக்கத்து ஊர்க்காரர். யாரும் யாரையும் மிரட்டுவதில்லை. அதனால்தான் அந்த லாரியைக் காவல்துறை நிறுத்துவதில்லை, ஊராட்சி கேள்வி கேட்பதில்லை. நாங்களும் "இடம்பெயர்வு" என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறோம்.

போகிற இடம் திருவள்ளூர் அல்லது காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளையாக இருக்கும். சில குடும்பங்கள் மரம் வெட்டவும், கரும்பு வெட்டவும், அரிசி ஆலைக்கும் போகின்றன. எல்லாச் சூளையும் கொத்தடிமைக் களம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணக்கை ஒழுங்காக முடித்து, கையில் பணத்தோடு ஆனி மாதம் ஊர் திரும்புகிறவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஒரே மேஸ்திரி, ஒரே லாரி, ஒரே வகையான வேலை. ஆனால் ஒரு குடும்பம் தொழிலாளியாகப் போகிறது, இன்னொரு குடும்பம் அடிமையாகப் போகிறது. அந்த வேறுபாடு லாரி புறப்படும் நாளில் தெரிவதில்லை. நான்கைந்து மாதங்களுக்கு முன்பே, முன்பணம் கைமாறிய நாளில் அது பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது.

முன்பணத்தின் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, வழிமுறைதான் முக்கியம். கணவன் மனைவி இருவரையும் ஒரு ஜோடியாகக் கணக்கிட்டு 60,000 ரூபாய் முன்பணம் தரப்படுகிறது. ஆயிரம் கல் அறுத்தால் 700 ரூபாய் கூலி. நாளொன்றுக்கு ஆயிரம் கல் என்று ஆறு நாள் அறுத்தால் வாரத்துக்கு 4,200 ரூபாய். அதில் 2,000 முன்பணத்துக்குப் பிடித்தம். மீதி 2,200 வாரச் செலவுக்கு. ஒரு வாரமும் தவறாமல் 26 வாரம் உழைத்தால் கழிந்திருப்பது 52,000. அப்படியும் 8,000 பாக்கி நிற்கிறது. இதில் மழையால் ஐந்து வாரம் வேலை நின்றுபோனதென்று கொள்வோம். அந்த ஐந்து வாரமும் பிடித்தம் இல்லாததால் 10,000 கழியவில்லை. அந்த வாரங்களிலும் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் உரிமையாளரிடம் வாங்கிய 11,000 புதிதாக ஏறுகிறது. பாக்கி 29,000 ஆகிவிட்டது. காயப் போட்ட பச்சைக் கல் மழையில் கரைந்துபோனால் அந்த இழப்பும் அறுத்தவர் தலையில் விழும். காய்ச்சல், பிரசவம், சொந்த ஊரில் ஒரு சாவு என்று எது வந்தாலும் பேரேட்டில் ஒரு வரி கூடும். அந்தப் பேரேடோ உரிமையாளரிடம் இருக்கிறது. அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மனைவியின் உழைப்புக்குத் தனிக் கணக்கு கிடையாது. காயும் கற்களைப் புரட்டிப் போடவும், அடுக்கவும், மண்ணைத் தள்ளவும் உதவுகிற பிள்ளைகளின் உழைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. என் வகுப்பில் நான்காம் வாய்பாடு சொல்லத் தெரியாத ஒரு பையன், ஒரு வரிசையில் எத்தனை கல், பத்து வரிசைக்கு எத்தனை கல் என்று கேட்டவுடன் சொன்னான். அது எங்கே கற்றது என்று கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை.

"அவ்வளவு கஷ்டமென்றால் ஏன் திரும்பத் திரும்பப் போகிறீர்கள்" என்று கேட்டால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "கை நீட்டி வாங்கிட்டோம் டீச்சர். போகாம இருக்க முடியுமா?" பூட்டும் அடியாளும் இருக்கிற இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் பூட்டு தேவைப்படுவதில்லை என்பதற்கு இந்தப் பதில்தான் காரணம். வாங்கிய கடனைத் தீர்க்காமல் போவது நாணயக் குறைவு என்று இவர்கள் உளமார நம்புகிறார்கள். அந்த நாணயத்தின்மேல்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. குறைந்தபட்சக் கூலியைக் கொடுக்காதவரிடம், கணக்கைக் காட்ட மறுப்பவரிடம், பிள்ளையின் உழைப்பைக் கூலியில்லாமல் வாங்குகிறவரிடம் ஒருதலையாக நாணயம் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு நம் மண்ணுக்குப் புதிதன்று. இலங்கையின் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தபோதும், கடலைக் கடப்பதற்கு முன்பே தொழிலாளியின் தலையில் முன்பணம் ஏறிவிட்டது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால், அவர் பட்டிருக்கும் கடன் எவ்வளவு என்று எழுதிய "துண்டு" ஒன்று தரப்படும். புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்க்க ஒப்புக்கொண்டால் ஆள் கைமாறுவார். அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும், பழைய முதலாளியின் பாக்கியைப் புதிய முதலாளி கட்டி, குடும்பத்தை அழைத்துக்கொண்டு போகிற வழக்கத்தை எங்கள் பகுதியில் யாரும் ஒளித்துப் பேசுவதில்லை. "போன வருசம் அவர்கிட்ட இருந்தோம், இவர் கணக்கு தீர்த்து எடுத்துட்டு வந்தார்" என்பார்கள், ஏதோ உதவி செய்தவரைப் பற்றிச் சொல்வது போல.

எங்கள் குடியிருப்பில் இருப்பவர்கள் இருளர்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு இனங்களில் அவர்களும் ஒன்று. ஒரு காலத்தில் பாம்பு பிடித்துத் தோலை விற்பது அவர்களுக்கு ஒரு வருமானமாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்த வணிகம் முடிந்தது. 1978இல் தொடங்கி, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நஞ்செடுத்து மருந்து நிறுவனங்களுக்கு விற்கும் நல்லதொரு மாற்றுவழியைக் காட்டியது. ஆனால் அதன் உறுப்பினர்கள் சில நூறு பேர் மட்டுமே. மற்றவர்களுக்கு வயல்வரப்பில் எலி பிடிப்பதும், ஏரியில் மீன் பிடிப்பதும், சவுக்கு வெட்டுவதும், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி போடுவதும், சூளையுமே எஞ்சின. நிலமில்லை, பலருக்கு வீட்டுமனைப் பட்டாவும் இல்லை. வங்கி என்பது அவர்களுக்குச் செங்கல் சூளை உரிமையாளர்தான். மகளுக்குத் திருமணமா, மருத்துவமனைச் செலவா, மழைக்காலத்தில் அடுப்பெரிய வேண்டுமா, ஆவணம் கேட்காமல் ஒரே நாளில் பணம் தருகிற ஒரே ஆள் அவர். அவர் கேட்கும் அடமானம் மட்டும் வேறு.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதில் குழப்பமே இல்லை. மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ஒரே வாக்கியத்தில் சேர்த்துத் தடை செய்கிறது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976 பிப்ரவரி 9 அன்று நிறைவேறியது. முந்தைய ஆண்டே அவசரச் சட்டமாக வந்துவிட்டதால் 1975 அக்டோபர் 25 முதலே நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. அச்சட்டத்தின்படி கொத்தடிமைக் கடன் கடனே அல்ல, அது அழிந்துவிட்டது. அழிந்துபோன கடனுக்காக ஒரு ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். "இது கொத்தடிமைக் கடன் அல்ல" என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு பணம் கொடுத்தவருக்கே உண்டு. தொழிலாளி எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்களின் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வறுமையும் பசியும் கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் விசைகள்தாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டு பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக, கொத்தடிமைகளின் விடுதலைக்கு இயங்கும் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், ஒருவர் கட்டாய உழைப்பில் இருப்பது தெரிந்தாலே அது முன்பணத்துக்கு ஈடாகத்தான் என்று அனுமானித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

கடத்தல் குற்றத்துக்கான வரையறையும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. 2013இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆவது பிரிவு, இப்போது அச்சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 143ஆவது பிரிவாகியிருக்கிறது. ஆள் சேர்ப்பது, கொண்டுசெல்வது, தங்கவைப்பது, கைமாற்றுவது, பெற்றுக்கொள்வது ஆகிய ஐந்து செயல்களில் எதையும், மிரட்டியோ ஏமாற்றியோ அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ பணம் முதலிய ஆசை காட்டியோ, சுரண்டும் நோக்கத்தோடு செய்தால் அது கடத்தல். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே அல்ல என்று அப்பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. அடிமைத்தனத்தை ஒத்த நடைமுறைகளும் சுரண்டலில் அடங்கும். கடனுக்காக உழைப்பைப் பிணைப்பது அத்தகைய நடைமுறை என்று 1956ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையே பட்டியலிட்டிருக்கிறது. ஆக மேஸ்திரியின் வீட்டுத் திண்ணையில் பணம் எண்ணிக் கொடுக்கப்படும்போதே குற்றத்தின் முதற்பகுதி நடந்துவிடக்கூடும். எல்லை தாண்ட வேண்டியதில்லை. மாவட்ட எல்லையைக்கூடத் தாண்ட வேண்டியதில்லை.

இவ்வளவு தெளிவான சட்டம் சூளையின் வாசலில் எப்படித் தடுமாறுகிறது? விசாரணையின்போது கேட்கப்படும் கேள்விகளில்தான் என்பது என் கருத்து. "உங்களை அடிச்சாங்களா? பூட்டி வச்சாங்களா? சாப்பாடு போட்டாங்களா?" என்று கேட்டால், அடிக்கவில்லை, பூட்டவில்லை, சாப்பிட்டோம் என்றுதான் பதில் வரும், அத்தோடு "கொத்தடிமை இல்லை" என்று அறிக்கை முடிந்துவிடும். வாரச் சந்தைக்குப் போகிறார்கள், கையில் செல்போன் இருக்கிறது, திருவிழாவுக்கு ஊருக்கு வந்துபோனார்கள் என்றெல்லாம் உரிமையாளர் தரப்பு அடுக்கும். ஆனால் சட்டம் கேட்பது வேறு. கூலியில்லாமல் அல்லது பெயரளவு கூலிக்கு உழைப்பது, வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழப்பது, விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையை இழப்பது, தன் உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழப்பது ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று கடனோடு சேர்ந்து இருந்தாலே போதும். எனவே கேட்க வேண்டிய கேள்விகள் இப்படியிருக்க வேண்டும்: முன்பணம் எவ்வளவு, எப்போது வாங்கினீர்கள்? இன்றைக்கு எவ்வளவு பாக்கி என்று உங்களுக்குத் தெரியுமா, கணக்கை யார் எழுதுகிறார்கள்? பக்கத்துச் சூளையில் நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் நாளைக்கே அங்கே போக முடியுமா? ஊருக்குப் போனபோது குடும்பத்தில் யாரைக் களத்தில் விட்டுவிட்டுப் போனீர்கள்?

இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலில் பெரும்பாலும் எல்லாம் வெளிவந்துவிடும். சாவுக்குக் கணவன் மட்டும் வருவார். மனைவியும் பிள்ளைகளும் சூளையிலேயே இருப்பார்கள். மகப்பேற்றுக்கு மனைவி வந்தால் மூத்த பிள்ளை அங்கே இருக்கும். பிணைக்கு ஆள் வைத்துவிட்டு வருகிற சுதந்திரத்தை நடமாட்டச் சுதந்திரம் என்று அறிக்கையில் எழுதுபவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிடும் படம் பத்திரிகைகளில் வெளிவந்து பலரையும் உலுக்கியது. அவர் பட்டிருந்த கடன் ஆயிரம் ரூபாய் என்று செய்திகள் கூறின. அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் பலரும் கேட்ட கேள்வி, "இந்தக் காலத்திலும் இப்படியா" என்பது. நான் கேட்க விரும்பிய கேள்வி வேறு. அந்த ஆயிரம் ரூபாய் தேவைப்பட்ட நாளில் அவருக்கு அதைக் கொடுக்க ஏன் வேறு யாருமே இல்லை?

தடுப்பு என்று நான் புரிந்துகொள்வது இந்தக் கேள்விக்கான விடையைத்தான். சோதனைச் சாவடியிலும் ரயில் நிலையத்திலும் கண்காணிப்பது தேவையே. மதுரை மாவட்டத்து உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முறுக்குப் போடும் வேலைக்கென வடமாநிலங்களுக்குக் கூட்டிச் செல்லப்பட்ட சிறுவர்களைப் போன்றவர்களை மீட்பதில் அந்தக் கண்காணிப்புக்கு இடமுண்டு. ஆனால் அந்தச் சிறுவர்களின் பெற்றோரும் முன்பணம் வாங்கியிருந்தவர்கள்தாம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்ட பிறகு, கிடை ஆடு மேய்க்கச் சிறுவர்கள் சிலர் பணத்துக்கு ஒப்படைக்கப்பட்ட செய்திகள் வந்தன. அங்கே கூரையில்லாத வீடுதான் தரகரின் வேலையைச் செய்தது. நிவாரணம் ஒரு மாதம் முன்னதாக வந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பள்ளியில் இருந்திருப்பார்கள். புயல், வறட்சி, பெருந்தொற்று என்று எது வந்தாலும் அதற்கடுத்த மாதங்களில் பள்ளி வருகைப் பதிவேட்டைக் கவனித்தாலே கடத்தலின் தடம் தெரியும் என்பேன்.

எங்கள் பகுதியில் முன்பணம் கைமாறும் மாதங்கள் ஆடிக்குப் பிறகு தொடங்கி மார்கழி வரை நீள்கின்றன. சூளைக்காலம் முடிந்து ஊர் திரும்பியவர்களின் கையிருப்பு கரைந்து, வடகிழக்குப் பருவமழையில் வேலையும் இல்லாமல் போகும் காலம் அது. மேஸ்திரி அப்போதுதான் வருவார். முதலில் ஐயாயிரம், தீபாவளிக்கு ஒரு பத்தாயிரம், பொங்கலுக்கு மீதி. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளிலிருந்து திருவள்ளூர் சூளைகளுக்கு வருகிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே நுவாகாய் அறுவடைத் திருநாளை ஒட்டிய வாரங்களில் முன்பணம் விநியோகமாகிறது. இங்கிருக்கும் பொங்கலும் அங்கிருக்கும் நுவாகாயும் மேஸ்திரிகளின் நாட்காட்டியில் அருகருகே இருக்கின்றன.

அந்த மாதங்களில் நூறு நாள் வேலை கிடைத்து, கூலி பதினைந்து நாளில் கணக்கில் ஏறினால் முதல் ஐயாயிரத்தை வாங்க வேண்டிய தேவை பாதிப் பேருக்கு இராது. கூலி இரண்டு மாதம் தாமதமானால் அந்த வேலை இருந்தும் பயனில்லை. குடும்ப அட்டை இருந்தால் மாத அரிசி உறுதி. அது இல்லாத குடும்பம் மழைக்காலத்தில் அரிசிக்காகவே கடன் வாங்கும். இருளர்களுக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவது எளிதன்று. பழங்குடியினருக்கான சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது; கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், விசாரணைக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குள் சூளைக்காலம் வந்துவிடும். சான்றிதழ் இல்லாததால் தொகுப்பு வீடு இல்லை, கல்வி உதவித்தொகை இல்லை, பழங்குடியினர் விடுதியில் இடம் இல்லை. விடுதியில் இடம் கிடைத்த பிள்ளைகள் பெற்றோரோடு சூளைக்குப் போவதில்லை என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எனவே ஒரு சான்றிதழ் தாமதமாவதைக் கடத்தலுக்கு வழிவிடும் தாமதமாகவே நான் பார்க்கிறேன். இது மிகைப்படுத்தல் என்று எங்கள் வட்டாரக் கூட்டம் ஒன்றில் ஓர் அலுவலர் சொன்னார். அவருக்கு வருகைப் பதிவேட்டைக் காட்டலாம் என்றுதான் தோன்றியது.

படித்தவர்களுக்கு இது நேராது என்றும் எண்ண வேண்டாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட இளைஞர்களில் தமிழர்களும் இருந்தார்கள். 2022 அக்டோபரில் 13 பேர் சென்னை திரும்பினார்கள். பயணச்சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஆன செலவைக் கட்டிவிட்டுப் போ என்று அங்கே கேட்டதும் வேறு பெயரில் முன்பணம்தான். பத்தாம் வகுப்புக் கூடத் தேறாதவர் சில குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடியேற்ற அனுமதி பெற வேண்டும். படித்தவருக்கு அந்தச் சோதனை இல்லாததால், சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்பும் முகவருக்கு அவரே எளிய இரையாகிறார். வெளிநாட்டு வேலை என்றால் முகவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. இதற்கு மேல் அந்தத் துறையைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

மீட்புக்குப் பிறகு நடப்பதும் தடுப்பின் ஒரு பகுதியே. மீட்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மறு ஆண்டே இன்னொரு களத்தில் இருப்பதைக் கண்டு, "இவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் திருந்த மாட்டார்கள்" என்று பேசுபவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. செய்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கோட்டாட்சியரோ மாவட்ட ஆட்சியரோ விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்தால்தான் அந்தக் குடும்பத்தின் கடன் அழிந்ததற்குக் கையில் ஒரு தாள் இருக்கும். அந்தத் தாள் இல்லாமல் ஊருக்கு அனுப்பிவைத்தால், மேஸ்திரி மறுநாளே பாக்கி கேட்டு வாசலில் நிற்பார். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. 2016 திட்டத்தில் அது 20,000ஆக இருந்தது, பின்னர் உயர்த்தப்பட்டது. முழு உதவியாக வயது வந்த ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், பாலியல் சுரண்டலிலிருந்து மீட்கப்பட்டோர் முதலான மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு மூன்று லட்சம் என்று இருக்கிறது. ஆனால் உடனடி உதவி போக எஞ்சிய தொகை குற்ற விசாரணையின் முடிவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. தண்டனையில் முடிந்த வழக்குகளோ மிகக் குறைவு. வழக்கு இழுத்துக்கொண்டிருக்க, பசி மட்டும் காத்திருக்காது. சுருக்க விசாரணை நடத்தும் அதிகாரத்தைச் சட்டமே கொடுத்திருக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் விடுவது மீட்கப்பட்டவரை மறுபடியும் மேஸ்திரியிடம் அனுப்புவதற்குச் சமம்.

மேஸ்திரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவரும் பெரும்பாலும் முன்னாள் கல் அறுப்பவர்தான்; ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று தரகு வாங்குகிறவர்; அவர் பெயரிலும் உரிமையாளரின் பேரேட்டில் ஒரு கடன் இருக்கும். வழக்கில் அவர் மட்டும் சிறைக்குப் போய், பணம் போட்டவர் வெளியே இருப்பதை நீதி என்று என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த பருவத்துக்கு வேறொரு மேஸ்திரி கிடைப்பார், அவ்வளவுதான்.

நம்பிக்கை தருகிறவையும் நடந்திருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தில், கொத்தடிமைத் தனத்திலிருந்து விடுவிக்கப்பட்ட இருளர்கள் மாவட்ட நிர்வாகத்தின் உதவியோடு "சிறகு" என்ற பெயரில் தங்களுக்குச் சொந்தமான செங்கல் சூளையை 2022இல் தொடங்கினார்கள். கை அறிந்த தொழில் அதேதான். கணக்குப் புத்தகம் மட்டும் அவர்களிடம் வந்துவிட்டது. விடுவிக்கப்பட்டவர்களே சங்கமாகச் சேர்ந்து, தங்கள் பகுதியில் யார் புதிதாக முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், யார் திரும்பவில்லை என்று கண்காணிப்பதும் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் நடக்கிறது. கடன் சட்டப்படி அழிந்துவிட்டது என்று நான் சொன்னால் நம்பாதவர்கள், அப்படி விடுபட்டு வந்த சொந்தக்காரர் சொன்னால் நம்புகிறார்கள். "கை நீட்டி வாங்கிட்டோம்" என்ற தயக்கத்தை அவர்களால்தான் உடைக்க முடிகிறது.

பள்ளியிலிருந்து செய்யக்கூடியவை சிறியவை; ஆயினும் செய்யக்கூடியவை. கார்த்திகை மாதத்திலேயே நான் பெற்றோரிடம் விசாரித்து, எந்தக் குடும்பம் எந்த மேஸ்திரியோடு எந்த ஊருக்குப் போகிறது, முன்பணம் எவ்வளவு, களத்தின் தொலைபேசி எண் எது என்று எழுதிவைத்துக்கொள்கிறேன். அதன் ஒரு படி கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் கோப்பில் இருக்கிறது. வாங்கிய பணத்தையும் வாரப் பிடித்தத்தையும் தாங்களே எழுதிவைக்கும்படி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்தனுப்புகிறேன். சென்ற பருவத்தில் ஒரு சிறுமி எழுதிய நோட்டை வைத்து அவள் தந்தை களத்திலேயே கணக்கைத் தகராறு செய்து ஏழாயிரம் ரூபாயைக் குறைத்துக்கொண்டு வந்தார். பாட்டி தாத்தா வீட்டில் இருந்தால் பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சொல்லிப் பார்ப்பேன். சில வீடுகளில் அது முடிகிறது.

பிள்ளையைக் கூட்டித்தான் போவார்கள் என்றால், சூளைக்கு அருகிலுள்ள பள்ளி அவர்களைச் சேர்த்துக்கொண்டாக வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைக்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. திருவள்ளூரில் ஒடிசாப் பிள்ளைகளுக்காக ஒடியாப் பாடநூல்களை வரவழைத்துச் சூளைகளின் பக்கத்திலேயே வகுப்புகள் நடத்தியிருக்கிறார்கள். தமிழ் பேசும் பிள்ளையைச் சேர்ப்பதில் அவ்வளவு பாடும் இல்லை. சூளைகள் இருக்கும் வட்டாரங்களில் பணிபுரியும் ஆசிரியர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், தை பிறந்ததும் ஒருமுறை களத்துப் பக்கம் போய்ப் பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். வேலை செய்யும் பிள்ளையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். பெரியவர்கள் கணக்கைப் பற்றிக் கேட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணைச் சொல்லுங்கள். வழக்கறிஞருக்குக் கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுவும் ஒரு கடனாகிவிடுமோ என்றுதான் அவர்கள் முதலில் பயப்படுவார்கள்.